ஒரு நட்பு அழைப்பும் 734 பரிவர்த்தனைகளும்: மின்னஞ்சல், சமூக வலைதளங்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

மும்பை: மும்பையில் வசிக்கும் 80 வயது முதியவர் ஒருவர், 2023 ஏப்ரல் மாதம் முகநூலில் அறிமுகமில்லாத பெண் ஒருவரின் கணக்குக்கு நட்பு அழைப்பு அனுப்பினார். அது ஏற்கப்படவில்லை. சில நாள்கள் கழித்து அதே பெயரிலான கணக்கிலிருந்து அவருக்கே அழைப்பு வந்தது. முகநூலில் தொடங்கிய உரையாடல் வாட்ஸ்அப்புக்கு மாறியது. நலம் விசாரிப்பாக இருந்த பேச்சு, குழந்தைகளுக்கு உடல்நலமில்லை என்ற முறையீடாகி, பின்னர் பண உதவிக் கோரிக்கையாயிற்று. அடுத்தடுத்து மேலும் மூன்று பெண்களின் பெயர்களில் செய்திகள் வந்தன. 2025 ஜனவரி வரையிலான சுமார் 21 மாதங்களில், 734 பரிவர்த்தனைகள் மூலம் அவர் இழந்த தொகை ஏறத்தாழ 8.7 கோடி ரூபாய். சேமிப்பு தீர்ந்து, குடும்பத்தினரிடம் அவர் பணம் கேட்ட பிறகே விஷயம் வெளிப்பட்டது. 2025 ஆகஸ்டில் வழக்குப் பதிவு செய்யப்பட்டது. நான்கு பெயர்களுக்குப் பின்னாலும் ஒரே நபர் இருந்திருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது.

அதே மாநகரின் தென்பகுதியில் வசிக்கும் 86 வயது மூதாட்டி ஒருவர், 2024 டிசம்பர் இறுதி முதல் 2025 மார்ச் தொடக்கம் வரை, விசாரணை அதிகாரிகள் எனக் கூறிக்கொண்டவர்களின் மிரட்டலுக்கு ஆளாகி 20 கோடி ரூபாய்க்கு மேல் இழந்தார். அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு தொடங்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்று குற்றச்செயலுக்குப் பயன்பட்டதாகக் கூறி, அவரை வீட்டுக்குள்ளேயே முடங்கச் செய்திருந்தனர். உணவு வேளையில் மட்டும் அறையைவிட்டு வெளியே வரும் அவருடைய போக்கு வழக்கத்துக்கு மாறாக இருப்பதை வீட்டுப் பணியாளர் கவனித்து, மூதாட்டியின் மகளிடம் தெரிவித்தார்.

இவை தனித்த நிகழ்வுகள் அல்ல. இணையவழி நிதி மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023-ஆம் ஆண்டில் 7,465 கோடி ரூபாயாகவும், 2024-ஆம் ஆண்டில் 22,845 கோடி ரூபாயாகவும் இருந்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. ஒரே ஆண்டில் இழப்பு மும்மடங்காகியிருக்கிறது.

விலகி நிற்பது வழியன்று

விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அன்று அலுவலகங்களுக்கும் கணினி வல்லுநர்களுக்கும் உரியதாக இருந்த மின்னஞ்சல், இன்று தாராவியின் குறுகிய சந்துகளுக்குள்ளும் வாழ்வாதாரமாகியுள்ளது. அங்குள்ள தோல்பொருள் உற்பத்தியாளர்கள் பைகளின் படங்களை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட்டு வாங்குவோரைத் தேடுகின்றனர். விலைப்பட்டியலும் ரசீதும் மின்னஞ்சலில் செல்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசிக்கும் மூத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணியாற்றுகின்றனர். பேரக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கும் ஊர்க் கோயில் திருவிழாச் செய்தியை அறிவதற்கும் கைபேசித் திரையே சாளரமாக இருக்கிறது.

ஆகவே, இணையத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்ற அறிவுரை எவருக்கும் உதவாது. மோசடிக்காரர்களுக்கு எந்தெந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதை அறிந்து, அவற்றை அடைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

மின்னஞ்சல்: வீட்டின் தலைமைச் சாவி

பலரும் மின்னஞ்சலைக் கடிதப் போக்குவரத்துக்கான ஒரு வசதியாக மட்டுமே கருதுகின்றனர். உண்மையில், முகநூல் உள்ளிட்ட பல கணக்குகளில் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதை மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்கு வருகிறது. எனவே, ஒருவரது மின்னஞ்சலைக் கைப்பற்றியவர் அத்தகைய கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறக்க முடியும்.

புதிய கைபேசி வாங்கும்போது கடைக்காரரோ, அண்டை வீட்டு இளைஞரோ மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கித் தருவது பரவலான வழக்கம். கடவுச்சொல் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். பெரும்பாலும் அது கைபேசி எண்ணாகவோ பிறந்த தேதியாகவோ இருக்கும். இத்தகைய கணக்கு வைத்திருப்போர் செய்ய வேண்டிய முதல் வேலை, கடவுச்சொல்லை மாற்றுவதே. தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால், நினைவில் நிற்கும் நீண்ட கடவுச்சொல் கிடைத்துவிடும். அதை வேறு எந்தக் கணக்குக்கும் பயன்படுத்தக் கூடாது. ஏதேனும் ஓர் இணையதளத்திலிருந்து கடவுச்சொற்கள் கசிந்தால், அதே சொல்லைக் கொண்டு மற்ற தளங்களைத் திறந்து பார்ப்பதே குற்றவாளிகளின் முதல் முயற்சி.

இரண்டாவதாக, இருபடிச் சரிபார்ப்பைச் செயல்படுத்த வேண்டும். கடவுச்சொல் பிறருக்குத் தெரிந்துவிட்டாலும், உரிமையாளரின் கைபேசியில் ஒப்புதல் தராமல் கணக்கைத் திறக்க முடியாதவாறு இது தடுக்கும். மூன்றாவதாக, மீட்புக்கான கைபேசி எண் தற்போது பயன்பாட்டில் உள்ள எண்தானா எனப் பார்க்க வேண்டும். துண்டிக்கப்பட்ட எண், 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். பழைய எண்ணை நீக்காவிட்டால், கணக்கின் மீட்புக் குறியீடு அந்நியரின் கைபேசிக்குச் சென்றுவிடும்.

முகவரியை வலமிருந்து படித்தல்

வங்கியின் பெயரும் இலச்சினையும் இருப்பதாலேயே ஒரு மின்னஞ்சல் வங்கியிலிருந்து வந்ததாகாது. அனுப்புநர் பெயர் என்ற இடத்தில் எவரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். அதற்கு அடுத்துள்ள முகவரியையே பார்க்க வேண்டும். அதிலும் கடைசிப் பகுதியே முக்கியம். வங்கியின் பெயர் தொடக்கத்தில் இருந்து, முகவரி வேறு ஏதோ ஒரு சொல்லில் முடிந்தால், அந்தத் தளம் கடைசியில் உள்ள பெயருக்கு உரியவருடையது.

இக்குழப்பத்தைக் குறைக்கவே, இந்திய வங்கிகள் அனைத்தும் தங்கள் இணையதளங்களை ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டு உத்தரவிட்டது. அதற்கு 2025 அக்டோபர் 31 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படும் இந்த முடிவெழுத்தைப் பிறர் பெற இயலாது. குறுஞ்செய்திகளிலும் இத்தகைய அடையாளம் உண்டு. அனுப்புநர் பெயரின் இறுதியில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அரசுச் செய்தி, ‘டி’ பரிவர்த்தனை, ‘எஸ்’ சேவை, ‘பி’ விளம்பரம். வங்கியின் பெயரில் வரும் செய்தி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால், அதை நம்பாமல் இருப்பதே நல்லது.

போக்குவரத்து அபராத ரசீது, திருமண அழைப்பிதழ், மின்கட்டண நிலுவை ஆகிய பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என முடிந்தால் அது படமோ ஆவணமோ அன்று. கைபேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவிய பின் அது குறுஞ்செய்திகளைப் படித்து, ஒருமுறை கடவுச்சொற்களை வேறிடத்துக்கு அனுப்பக்கூடும்.

வணிகர்களுக்கு: கணக்கு எண் மாறினால் நிறுத்துங்கள்

சிறு வணிகர்களைக் குறிவைக்கும் மோசடி வேறு வகையானது. வணிகர் ஒருவரது மின்னஞ்சலுக்குள் நுழைந்த குற்றவாளி உடனே எதையும் செய்வதில்லை. எவருக்கு எவ்வளவு பணம் வர வேண்டும், எந்தத் தேதியில் வரும் என்பதை வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பார். பணம் வர வேண்டிய நேரத்தில், ஓர் எழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்து, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் செல்லும். ரசீதின் வடிவமும் மொழிநடையும் வழக்கம்போலவே இருக்கும். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும். பணம் மட்டும் வராது.

இதைத் தடுக்கச் செலவு ஏதும் இல்லை. கணக்கு எண் மாற்றம் குறித்து எந்தக் கடிதம் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கடிதத்திலேயே கொடுக்கப்பட்டுள்ள எண்ணில் அழைக்கக் கூடாது. வாடிக்கையாளர்களிடமும், “எங்கள் கணக்கு எண் மின்னஞ்சல் வழியாக ஒருபோதும் மாறாது” என்று முன்கூட்டியே தெரிவித்துவிடலாம்.

மின்னஞ்சலைத் திறம்படப் பயன்படுத்தும் பழக்கங்களும் பாதுகாப்புக்கு உதவுகின்றன. ஒரு கடிதத்தில் ஒரு பொருளை மட்டும் எழுதி, தலைப்பில் ரசீது எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டால், பின்னர் தேடுவதும் போலியைக் கண்டறிவதும் எளிது. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பும்போது, முகவரிகளை மறைநகல் பகுதியில் இட வேண்டும். இல்லையெனில், ஒருவரது தொடர்புப் பட்டியல் முழுவதும் மற்ற அனைவரின் கைக்கும் போய்விடும்.

சமூக வலைதளம்: நாமே தரும் தகவல்கள்

முகநூலில் ஒருவர் பகிரும் படங்களைத் தொகுத்தால், அவரது பிறந்த நாள், பிள்ளைகளின் பெயர், படிக்கும் பள்ளி, பணியிடம், வீட்டில் இல்லாத நாள்கள் ஆகியவை தெரிந்துவிடும். மோசடிக்காரரின் பேச்சு நம்பத்தகுந்ததாக அமைவதற்கு இத்தகவல்களே காரணம். பள்ளிச் சீருடை, ஆதார் அட்டை, பயண அனுமதிச் சீட்டு ஆகியவை தெரியும் படங்களைத் தவிர்க்க வேண்டும். அடையாளச் சான்று அனுப்பியே ஆக வேண்டிய இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் படிவத்தை, ஏற்கப்படும் இடங்களில் பயன்படுத்தலாம்.

முகநூலில் சுயவிவரத்தைப் பூட்டும் வசதி இந்தியப் பயனர்களுக்கு 2020 முதல் உள்ளது. அதைச் செயல்படுத்தினால், நண்பர் அல்லாதோர் படங்களைப் பதிவிறக்கிப் போலிக் கணக்கு தொடங்குவது கடினமாகும். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரகசிய எண்ணை அமைப்பதும், ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை வாரம் ஒருமுறை பார்ப்பதும் அவசியம். அங்கு அறிமுகமில்லாத கணினி ஏதேனும் தென்பட்டால் உடனே நீக்கிவிட வேண்டும்.

“அத்தை, என் கைபேசி பழுதாகிவிட்டது; இது என் புதிய எண்; அவசரமாகப் பணம் வேண்டும்” என்ற வகைச் செய்தி உறவினரின் படத்துடன் வந்தால், பழைய எண்ணில் ஒருமுறை அழைத்துப் பார்த்தாலே போதும். குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் போலியாக உருவாக்க முடியும் என்பதால், காணொளியைக் கண்டு மட்டும் நம்புவது சரியன்று. தேசிய பங்குச் சந்தையின் தலைமைச் செயல் அதிகாரி ஆஷிஷ்குமார் சௌகான் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோலப் போலிக் காணொளிகள் பரவியதை அடுத்து, அந்நிறுவனமே 2024 ஏப்ரலில் முதலீட்டாளர்களை எச்சரிக்க நேர்ந்தது.

‘டிஜிட்டல் கைது’ என ஒன்று இல்லை

காணொளி அழைப்பின் மூலம் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமில்லை. காவல் துறையோ, மத்திய புலனாய்வுத் துறையோ, சுங்கத் துறையோ, நீதிமன்றமோ வாட்ஸ்அப்பில் அழைத்து, விசாரணைக்காகப் பணத்தை மாற்றுமாறு கேட்பதில்லை. பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைக் குறிப்பிட்டு, பொறுங்கள், சிந்தியுங்கள், செயல்படுங்கள் என மூன்று படிகளை எடுத்துரைத்தார்.

டிஜிட்டல் கைது மற்றும் அதைச் சார்ந்த மோசடிகளில் பதிவான இழப்பு 2022-இல் 91 கோடி ரூபாயாக இருந்தது. 2024-இல் 1,935 கோடி ரூபாயாக உயர்ந்தது. இவ்விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், இத்தகைய வழக்குகளை மத்திய புலனாய்வுத் துறை விசாரிக்குமாறு 2025 டிசம்பர் 1 அன்று உத்தரவிட்டது.

இந்த மோசடியின் அடித்தளம் தனிமை. “எவரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களும் கைதாவார்கள்” என்பதே முதல் கட்டளை. அந்தக் கட்டளையே போலி என்பதற்கான சான்று. வழக்கறிஞரையோ உறவினரையோ தொடர்புகொள்ளக் கூடாது என எந்த உண்மையான அதிகாரியும் கூற முடியாது.

இளைஞர்களுக்கு: வங்கிக் கணக்கை வாடகைக்கு விடாதீர்

மோசடிப் பணம் நேரடியாகக் குற்றவாளியின் கணக்குக்குச் செல்வதில்லை. சில ஆயிரம் ரூபாய் தரகுக்கு ஆசைப்பட்டுத் தங்கள் வங்கிக் கணக்கையோ சிம் அட்டையையோ பிறருக்குக் கொடுத்தவர்களின் வழியாகவே அது பல கிளைகளாகப் பிரிகிறது. ‘வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை’ என்று டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் விளம்பரங்கள் சில, இத்தகைய கணக்குகளைத் திரட்டுவதற்கானவை. முதியவர் ஒருவரின் சேமிப்பு தன் கணக்கு வழியாகச் சென்றது, காவல் துறையினர் வீட்டுக் கதவைத் தட்டும்போதுதான் மாணவருக்குத் தெரியவரும். கணக்கு முடக்கப்படுவதுடன், ஆள்மாறாட்ட மோசடி தொடர்பான தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகளின்கீழ் வழக்கும் வரலாம். தம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்பதை, தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் எவரும் பார்த்து, தமக்கு உரியதல்லாத எண்ணைப் பற்றிப் புகார் அளிக்கலாம்.

பகிர்வதற்கு முன்

சமூக வலைதளத்தின் தீங்கு பண இழப்போடு முடிவதில்லை. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில், குழந்தை கடத்துவோர் எனப் பரவிய வதந்தியால் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்வுகளை அடுத்து, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதவாறு வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

மறுபுறம், கருத்துரிமைக்கும் இதே மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயின் மறைவையொட்டி நடந்த கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதியமைக்காக, பால்கர் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். ஒருவர் எழுதியவர், மற்றவர் அதற்கு விருப்பக்குறி இட்டவர். அந்நிகழ்வைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. கருத்தைக் கூறும் உரிமை உறுதிப்பட்டுள்ளது. உறுதிப்படுத்தாத செய்தியைப் பரப்பாதிருக்கும் பொறுப்பு அதனுடன் சேர்ந்தே இருக்கிறது.

பணம் போய்விட்டால்

மோசடி நடந்ததை உணர்ந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ என்ற தேசிய இணையதளத்திலும் புகார் பதியலாம். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், முதல் சில மணி நேரத்தில் தகவல் கிடைத்தால், வங்கிகள் அதை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, பணம் சென்ற கணக்கு அல்லது யுபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். அவமானம் கருதி உரையாடல்களை அழித்துவிடக் கூடாது; அவையே சான்றுகள்.

வங்கிக்கும் உடனடியாக எழுத்துமூலம் தெரிவிப்பது அவசியம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட நெறிமுறையின்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத நிலையில், வங்கியின் அறிவிப்பு கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வாடிக்கையாளரே கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும்; தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. மும்பையில் ஐந்து மண்டல இணையக் குற்றக் காவல் நிலையங்கள் செயல்படுகின்றன. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போர், பெரும்பாலும் அதே மோசடியின் இரண்டாம் பாகமே.

தொடக்கத்தில் கூறப்பட்ட இரு நிகழ்வுகளும் வெளிப்பட்டது எந்த மென்பொருளாலும் அன்று. ஒன்றில் பணம் கேட்டபோது குடும்பத்தினருக்கு ஐயம் எழுந்தது. மற்றொன்றில் வீட்டுப் பணியாளர் வழக்கத்துக்கு மாறான போக்கைக் கவனித்தார். எனவே, கடவுச்சொல்லையும் இருபடிச் சரிபார்ப்பையும் போலவே இன்னொரு பாதுகாப்பும் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். சந்தேகத்துக்குரிய அழைப்போ செய்தியோ வந்தால், பணம் அனுப்பும் முன் தயக்கமின்றிச் சொல்வதற்கு ஒருவர் இருக்க வேண்டும். சொன்னவரைக் கடிந்துகொள்ளாமல் அவர் கேட்க வேண்டும்.